ஹூகஸ்: செபுவானோ மொழியில் ‘கழுவு’ என்று சொல்லப் பழகுவோருக்கான கேள்வி பதில்

பிலிப்பைன்ஸில் செபு, டாவோ போன்ற ஊர்களுக்கு மருத்துவம் படிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். வகுப்பறையில் போதும். தங்கியிருக்கும் வீட்டின் சமையலறையிலும், பிறகு வார்டில் நோயாளியின் கட்டில் பக்கத்திலும் அது போதாது. நான் செபுவில் தங்கிய வீட்டில் முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வினைச்சொல் ‘ஹூகஸ்’. கழுவு என்று பொருள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொழியின் பெரும்பகுதிக்குள் போய்விட முடியும் என்பது என் அனுபவம். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செபுவானோ என்பது எந்த மொழி? அங்கே தகலோக்தானே பேசுவார்கள்?

தகலோக் மணிலாப் பக்கத்து மொழி. அதை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோதான் தேசிய மொழி, பள்ளியில் எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் செபு, பொஹோல், கிழக்கு நெக்ரோஸ், மேற்கு லெய்ட்டே, மிண்டனாவோவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் வீட்டுமொழி செபுவானோ. சுமார் 2 கோடிப் பேர் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் தங்கள் மொழியைப் பெரும்பாலும் ‘பிஸாயா’ என்றே சொல்வார்கள். டாவோ தெற்கே வெகுதூரம் தள்ளியிருந்தாலும் அங்கும் கடைத்தெருவில் காதில் விழுவது இதுதான்.

ஒரு மொழியைக் கற்க ‘கழுவு’ என்ற சொல்லிலிருந்தா தொடங்குவது?

தாராளமாகத் தொடங்கலாம். ஒரு வீட்டில் தங்கினால் நாளைக்கு மூன்று வேளை கேட்கும் சொல் இது. யார் கழுவினார்கள், எதைக் கழுவ வேண்டும், கழுவியாயிற்றா, இன்னும் கழுவவில்லையா, எதைக் கொண்டு கழுவுவது, கழுவாதே, வைத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லா வகைப் பேச்சும் சிங்க் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. தவறாகச் சொன்னால் உடனே திருத்த ஆள் இருக்கிறார், கையில் தட்டும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருபது வினைகளை ஒவ்வொரு வடிவம் படிப்பதைவிட ஒரே வினையை இருபது வடிவத்தில் பழகுவது இந்த மொழிக்குப் பொருத்தம், ஏனென்றால் இதன் நுட்பமெல்லாம் வினையில்தான் இருக்கிறது.

செபுவானோச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். எப்படி வாசிப்பது?

சில குறிப்புகள். ‘ஹூகஸ்’ என்பதில் வரும் க, ‘மகன்’ என்பதில் வருவதுபோல மெல்ல ஒலிக்கும். ‘கி’ என்று தொடங்கும் வினைகளில் அந்தக் கி, ‘கிரகம்’ என்பதில் வரும் கி. நக், மக், பக் என்ற முன்னொட்டுகளின் கடைசி க்-கும் அதே மெல்லோசைதான். வல்லோசை வேண்டிய இடத்தில் க்க, த்த என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன்.

நெடில் வந்தால் அங்கே அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹூகஸ் என்பதில் அழுத்தம் முதலில். பின்னொட்டு சேர்ந்து ‘ஹுகாஸன்’ ஆகும்போது அழுத்தம் ஓரெழுத்து தள்ளிப் போகிறது. ஓரசைச் சொற்களுக்கு இந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம். உ-வும் ஒ-வும், இ-யும் எ-யும் இந்த மொழியில் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் ஒலிக்கும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுவதைக் கேட்டுக் குழம்பாதீர்கள்.

எதைக் கழுவினாலும் ஹூகஸ்தானா?

இல்லை. தமிழ் பேசுகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. நாமும் பாத்திரத்தை விளக்குகிறோம், துணியைத் துவைக்கிறோம், உடம்புக்குக் குளிக்கிறோம், கையை அலம்புகிறோம். பொருளுக்கு ஒரு வினை என்பது நமக்குப் பழக்கம்தான்.

தட்டு, டம்ளர், பாத்திரம், காய்கறி, சமைக்கும் அரிசி இவற்றுக்கெல்லாம் ஹூகஸ். கைக்கும் ஹூகஸ் சொல்லலாம், ஆனால் கைக்கென்றே ‘ஹூனவ்’ என்ற சொல் இருக்கிறது. ‘மங்ஹூனவ்’ என்றால் கை கழுவப் போவது, ‘நங்ஹூனவ்’ என்றால் கழுவியது. பைபிளில் பிலாத்து தண்ணீர் வாங்கிக் கை கழுவும் இடத்தில் வருவது இந்த நங்ஹூனவ்தான். முகத்துக்கு ‘ஹிலம்-ஓஸ்’, நடுவில் தொண்டையைச் சட்டென்று நிறுத்தி எடுக்க வேண்டும். குளிப்பதற்கு ‘லீகோ’: மலீகோ, நலீகோ. கடலில் குளித்தாலும் அதே சொல். துணிக்கு ‘லபா’. சோப்பு போட்ட பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது தட்டானாலும் துணியானாலும் ‘பன்லாவ்’.

துணிக்கு ஹூகஸ் சொன்னால் புரியும், ஆனால் துணியை ஏதோ தண்ணீரில் காட்டி எடுத்ததுபோல இருக்கும். வார்டுக்குப் போனபின் ‘நங்ஹூனவ் நா கா?’ (கை கழுவிவிட்டாயா?) என்ற கேள்வி தினமும் காதில் விழும். அதனால் ஹூனவ் என்பதையும் சேர்த்தே பழகிவிடுங்கள்.

நக்ஹூகஸ், மக்ஹூகஸ் என்று இரண்டு கேட்கிறேன். இறந்தகாலம், எதிர்காலமா?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் காலத்தை வைத்துப் பிரிப்பதைவிடத் தொடங்கியாயிற்றா இல்லையா என்று பிரித்தால் சரியாக இருக்கும். தொடங்கிவிட்ட செயல் எல்லாம் ‘நக்’. இனிமேல்தான் என்பது எல்லாம் ‘மக்’.

நக்ஹூகஸ் கோ ஓக் பிளாத்தோ கனீனா. (சற்றுமுன் தட்டுக் கழுவினேன்.)
நக்ஹூகஸ் கோ ஓக் பிளாத்தோ கரோன். (இப்போது தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.)
மக்ஹூகஸ் கோ ஓக் பிளாத்தோ ஊன்யா. (அப்புறம் தட்டுக் கழுவுவேன்.)

முதல் இரண்டிலும் வினை ஒன்றேதான். கனீனா, கரோன் போன்ற சொற்கள்தான் காலத்தைச் சொல்கின்றன. நேற்று என்பதற்குக் கஹாப்போன், நாளை என்பதற்கு ஊக்மா. பேச்சில் ‘இப்போது செய்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கு நக் என்பதைச் சுருக்கி ‘க’ என்று மட்டும் சொல்வார்கள்: கஹூகஸ் கோ.

மங்ஹூகஸ், நங்ஹூகஸ் என்று மூக்கொலியோடு கேட்டால் ஒரு தட்டைக் கழுவுவதைச் சொல்லவில்லை, பாத்திரம் கழுவும் வேலையையே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு முடிந்தபின் வீட்டில் அதிகம் கேட்பது இந்த வடிவம்தான். இன்னொன்று: வினை முதலில் வரும். தமிழில் கடைசியில் வைத்துப் பழகிய நாக்குக்கு ஒரு மாதமாவது ஆகும்.

அப்புறம் ஏன் ‘கிஹுகாஸன்’ என்கிறார்கள்? அதுவும் ‘கழுவினேன்’தானே?

இதுதான் மையம். இங்கே நிதானமாகப் போவோம்.

நான் தங்கிய வீட்டில் இரண்டாவது வாரம். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கையில் இருந்த சொற்களைக் கூட்டினேன்: ‘கிஹுகாஸன் கோ ஸா பிளாத்தோ.’ அவர் ஈரக்கையோடு நின்று என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து என் தோளில் தேய்த்துக் காட்டினார். நான் சொன்னதற்கு அவர் காதில் விழுந்த பொருள் அதுதான்: தட்டு என்னைக் கழுவியது. அடுத்து அந்தத் தட்டையே சிங்கில் வைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: ‘கிஹுகாஸன்... நாக்கோ... அங் பிளாத்தோ.’

என்ன நடந்தது? ‘அங்’ என்பது வாக்கியத்தில் ஒரு பொருளின்மேல் விளக்கு வைத்துக் காட்டும் சொல். அந்தப் பொருள் இந்தச் செயலில் என்ன வேலை செய்கிறது என்பதை வினைதான் சொல்லும். வினை ‘நக்ஹூகஸ்’ என்றிருந்தால் விளக்கு கழுவுகிறவர்மேல். ‘கிஹுகாஸன்’ என்றிருந்தால் விளக்கு கழுவப்படும் பொருள்மேல். ‘கோ’ என்பது விளக்குக்குக் கீழே நிற்கும் ‘நான்’. ‘நாக்கோ’ என்பது விளக்குக்கு வெளியே நிற்கும் ‘நான்’. கிஹுகாஸன் என்று சொல்லிவிட்டுக் கோ என்று என்னை விளக்கடியில் நிறுத்தினேன், தட்டை ‘ஸா’ போட்டு வெளியே தள்ளினேன். கழுவப்பட்டது நான் ஆகிவிட்டேன்.

நக்ஹூகஸ் கோ ஓக் பிளாத்தோ. (நான் தட்டுக் கழுவினேன். என்னைப் பற்றிய பேச்சு. எந்தத் தட்டு என்பது முக்கியமில்லை, அதனால் அதற்கு முன் ‘ஓக்’.)
கிஹுகாஸன் நாக்கோ அங் பிளாத்தோ. (அந்தத் தட்டை நான் கழுவிவிட்டேன். தட்டைப் பற்றிய பேச்சு.)

இரண்டாவதைச் செயப்பாட்டுவினை என்று சில பாடங்களில் சொல்வார்கள். ‘தட்டு என்னால் கழுவப்பட்டது’ என்று தமிழில் யார் பேசுகிறார்கள்? செபுவானோவில் இந்த வடிவம் அத்தனை இயல்பு. குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் இதைக் கடினமான வடிவம் என்று ஒதுக்கி வைத்து, எல்லாவற்றையும் நக், மக் கொண்டே சொல்லிச் சமாளிக்காதீர்கள். முதல் வாரத்திலேயே இரண்டையும் சேர்த்துப் பழகுங்கள்.

கிஹுகாஸன் தொடங்கிவிட்டதைச் சொல்கிறது. இனிமேல் கழுவப்போவதற்குக் ‘கி’ இல்லாமல் ‘ஹுகாஸன்’: ஹுகாஸன் நாக்கோ அங் பிளாத்தோ ஊன்யா.

இதைத் தமிழ் இலக்கணத்தோடு பொருத்திப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. எனக்குத் தெளிவு வந்ததே அந்த வழியில்தான்.

தமிழில் ஒரு பெயர் என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரின் வாலில் எழுதுகிறோம். தட்டை, சோப்பால், வீட்டில். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வினை ‘கழுவினேன்’ என்று அப்படியே நிற்கிறது. செபுவானோவில் அந்த உருபைப் பெயரிலிருந்து கழற்றி வினையில் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஐ’ உருபு செய்யும் வேலையை ஹுகாஸன் என்பதன் ‘அன்’ செய்கிறது. ‘ஆல்’ உருபின் வேலையை முன்னால் ஒட்டும் ‘இ’ செய்கிறது: கினிங் ஸபோன் அங் இஹூகஸ் ஸா பிளாத்தோ. தட்டுக் கழுவுவது இந்தச் சோப்பால்.

நம் பெயரெச்சத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் நெருக்கம். கழுவிய பையன், கழுவிய தட்டு, கழுவிய சோப்பு, கழுவிய இடம். எல்லாவற்றுக்கும் ‘கழுவிய’ ஒன்றே. பையன் கழுவினவன், தட்டு கழுவப்பட்டது, சோப்பு கருவி என்பதை நாமே பொருள் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். பெயரெச்சம் இப்படி ஏற்கும் பொருள்களைச் ‘செய்வது ஆதி அறுபொருள்’ என்று நன்னூல் கணக்கிடுகிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இந்த ஆறில் எது என்று தமிழ் வெளியே சொல்வதில்லை, கேட்பவர் அறிவுக்கு விட்டுவிடுகிறது. செபுவானோ அதை வினையிலேயே சொல்லிவிடுகிறது. பையனுக்கு ‘நங்ஹூகஸ்’, தட்டுக்குக் ‘கிஹுகாஸன்’. மாற்றிப் போட முடியாது.

கேள்வி கேட்கும்போதும் இதேதான். ‘கின்ஸாய் நங்ஹூகஸ்?’ என்றால் கழுவியது யார். ‘உன்ஸாய் கிஹுகாஸன் நீமோ?’ என்றால் நீ கழுவியது எது. கழுவியவர், கழுவியது என்று இரண்டு வினையாலணையும் பெயர் வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். மொழி கற்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: வாக்கியத்தைத் தொடங்குமுன் ‘நான் யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறேன்?’ என்று மனதுக்குள் கேளுங்கள். பதில் வந்துவிட்டால் வினையின் வடிவம் தானாக வரும்.

‘கழுவு’ என்று ஏவுவது எப்படி? ‘கழுவாதே’, ‘கழுவவில்லை’?

குறிப்பிட்ட பொருளைக் கழுவச் சொல்ல, ‘அன்’ இருந்த இடத்தில் ‘இ’ போட்டால் போதும்: ஹுகாஸி அங் பிளாத்தோ. தட்டைக் கழுவு. பொதுவாக வேலையைச் சொல்ல: பங்ஹூகஸ், அல்லது பக்ஹூகஸ்.

இந்த ‘ஹுகாஸி’ ஏவலோடு நிற்பதில்லை. கவனிக்க வேண்டிய இடம் இது. ‘அயாவ்’ என்றால் செய்யாதே: அயாவ் ஹுகாஸி அங் கல்டேரோ, சோற்றுப் பானையைக் கழுவாதே. எங்கள் வீட்டில் அடிப்பிடித்த சோற்றை, அதாவது ‘டுக்கோத்’தை, சுரண்டிச் சாப்பிடக் காத்திருக்கும் ஆள் உண்டு. நான் பானையில் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இந்த வாக்கியம் வரும். ‘வலா’ என்றால் நடக்கவில்லை: வலா நாக்கோ ஹுகாஸி அங் பிளாத்தோ, தட்டை நான் கழுவவில்லை. இங்கே கிஹுகாஸன் வராது. வலா வந்துவிட்டால் ‘கி’யும் ‘அன்’னும் போய் ‘இ’ வந்துவிடும். நாக்கோ என்பது வலாவை ஒட்டி முன்னால் நகர்ந்திருப்பதையும் பாருங்கள்.

இனிமேல் கழுவ மாட்டேன் என்றால் வலா பொருந்தாது, ‘டீலி’ வேண்டும்: டீலி நாக்கோ ஹுகாஸன். அதாவது நடந்ததை மறுக்க வலா, நடக்கப்போவதை மறுக்க டீலி, நடக்க வேண்டாம் என்று தடுக்க அயாவ். நமக்குக் கழுவவில்லை, கழுவ மாட்டேன், கழுவாதே என்று மூன்று வடிவம் ஏற்கெனவே இருப்பதால் இது சீக்கிரம் பிடிபடும்.

செபு நகரத்துப் பேச்சில் வலா சுருங்கி ‘வா’ ஆகிவிடும். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போக வேண்டாம், இல்லை என்கிறார்கள்.

பெரியவர்களிடம் ‘ஹுகாஸி’ என்று சொல்லலாமா? ‘கழுவுங்கள்’ என்பதற்கு என்ன?

‘கழுவுங்கள்’ என்பதில் வரும் ‘-உங்கள்’ போன்ற மரியாதை விகுதி வினையில் இல்லை. தகலோக்கில் மரியாதைக்குச் சேர்க்கும் ‘போ’வும் செபுவானோவில் கிடையாது. மரியாதை வேறு இடங்களில் இருக்கிறது. ‘பலீஹோக்’ என்பது தயவுசெய்து: பலீஹோக் கோ ஓக் ஹூகஸ் ஸா பிளாத்தோ, தட்டைக் கொஞ்சம் கழுவித் தர முடியுமா என்ற தொனி. வயதில் மூத்த பெண்ணை ‘நாங்’ அல்லது ‘மனாங்’, மூத்த ஆணை ‘நோங்’ அல்லது ‘மனோங்’ என்று அழைப்பது இரண்டாவது. உங்களைவிட மூத்தவர்கள் உங்களை ‘டோங்’ (தம்பி), ‘டை’ (தங்கச்சி) என்பார்கள். ‘டோங், ஹுகாஸி அங் பாஸோ’ என்றால், தம்பி, அந்த டம்ளரைக் கழுவிடுப்பா. அதில் அதட்டல் இல்லை, வீட்டுப்பிள்ளையாகச் சேர்த்துக்கொண்ட உரிமை இருக்கிறது. என்னை முதன்முதலில் டோங் என்று அழைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூத்தவரிடம் வேலை ஏவாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ‘அக்கோ நா லாங் அங் மங்ஹூகஸ், நாங்’ என்று சொல்லிப் பழகுங்கள். நானே கழுவிவிடுகிறேன் அக்கா.

நாம், நாங்கள் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது, நம்முடையதுபோலவே. ‘கித்தா’ என்றால் நாம், ‘கமீ’ என்றால் நாங்கள். பேச்சில் தா, மி. ‘மங்ஹூகஸ் தா’ என்றால் வா, நாம் கழுவலாம். ‘மங்ஹூகஸ் மி’ என்றால் நாங்கள் கழுவுகிறோம், நீ உட்கார். வேறு நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் பலர் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நாளில் தாண்டிவிடுகிறார்கள்.

‘நா’, ‘பா’ என்று எங்கே பார்த்தாலும் ஒட்டுகிறார்களே?

நா என்றால் ஆகிவிட்டது, பா என்றால் இன்னும். ‘நஹுகாஸன் நா அங் பிளாத்தோ’: தட்டுக் கழுவியாயிற்று. ‘வலா பா நாக்கோ ஹுகாஸி’: இன்னும் கழுவவில்லை. வெறும் வலா சொன்னால் கழுவவில்லை, அவ்வளவுதான். பா சேர்த்தால் கழுவிவிடுவேன் என்ற பொருள் உள்ளே வந்துவிடும். வீட்டில் பாத்திரம் கிடக்கும்போது அந்த ஓரெழுத்து பெரிய உதவி.

மேலே வந்த ‘நஹுகாஸன்’ என்பது கழுவப்பட்ட நிலையைச் சொல்கிறது. யார் கழுவினார் என்பது அங்கே பேச்சில்லை. ‘கிப்பஹூகஸ்’ என்று நடுவில் ‘ப’ வந்தால் கழுவ வைத்தார்கள்: கிப்பஹூகஸ் கோ ஸா பிளாத்தோ, என்னைத் தட்டுக் கழுவ வைத்தார்கள்.

ஹூகஸ் வந்துவிட்டால் மற்ற வீட்டு வினைகளும் இதே மாதிரியா?

பல வினைகள் இதே மாதிரி. ஆனால் மூன்று குடும்பம் உண்டு.

மேலே தொட்டு, தேய்த்து, துடைத்துச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் ஹூகஸ் குடும்பம், ‘அன்’னும் ‘இ’யும். ஸில்ஹிக் என்றால் துடைப்பம், பெருக்குவதும் அதே சொல்: ஸில்ஹிகி அங் ஸாலோக், தரையைப் பெருக்கு. லிம்ப்யோ சுத்தம் செய்வது, ஏவல் லிம்ப்யொஹி. லபா, பின்னொட்டு சேரும்போது கொஞ்சம் சுருங்கும்: லப்ஹன், கிலப்ஹன்; லப்ஹி அங் ஸினீனா, துணியைத் துவை. கதவைத் திறப்பதும் இந்தப் பக்கம்தான்: அப்லிஹி அங் புல்தஹான்.

பொருளையே மாற்றிவிடும் அல்லது தீர்த்துவிடும் வேலைகள், அதாவது சமைப்பது, தின்பது, குடிப்பது, இன்னொரு குடும்பம். ‘அன்’னுக்குப் பதில் ‘ஒன்’, ‘இ’க்குப் பதில் ‘அ’. லூத்தோ (சமை): கிலூத்தோ நாக்கோ, லுத்தூஒன் நாக்கோ, லுத்தூஅ. இங்கே இறந்தகாலத்தில் பின்னொட்டே இல்லை என்பதைக் கவனியுங்கள். காஓன் (சாப்பிடு) என்பதோடு ‘ஒன்’ சேர்ந்தால் ‘கன்-ஓன்’, சாப்பிடப்படுவது. அதுதான் சோற்றுக்குப் பெயர்! நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று சொல் இருப்பதுபோல அவர்களுக்கும் ஹுமாய், புகாஸ், கன்-ஓன். புகாஸைக் கழுவலாம், கன்-ஓனைக் கழுவ முடியாது.

கையைவிட்டு நகர்த்தும் வேலைகள் மூன்றாவது: வைப்பது, கொடுப்பது, காயப் போடுவது. முன்னால் ‘இ’ வரும். இபுத்தாங் அங் பிளாத்தோ ஸா லமேஸா, தட்டை மேசையில் வை. இஹய்ஹாய் அங் லபாடா, துவைத்த துணியைக் கொடியில் போடு.

இந்தப் பிரிவு எல்லா வினைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், விலகுவன உண்டு. ஆனால் புதிய வினை காதில் விழுந்தால் முதலில் எந்தக் குடும்பம் என்று ஊகிக்க இது கைகொடுக்கும்.

தகலோக் கொஞ்சம் தெரியும். அதை வைத்துச் சமாளிக்கலாமா?

ஹூகஸ் தகலோக்கிலும் உண்டு, கழுவு என்றேதான் பொருள். வடிவங்கள்தான் வேறு. தகலோக்கில் நடந்துகொண்டிருப்பதற்கு முதல் அசையை இரட்டித்து ‘நக்ஹுஹூகஸ்’ என்பார்கள். செபுவானோவில் இதற்கு அந்த இரட்டிப்பு இல்லை. ‘கி’ என்ற முன்னொட்டு தகலோக்கில் இல்லை. ஏவலில் ‘ஹுகாஸி’ என்பதும் செபுவானோவின் அடையாளம். தகலோக்கில் பேசினால் எல்லோருக்கும் புரியும், பதிலும் தகலோக்கிலேயே வரும். பிஸாயாவில் தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் சொன்னால் முகம் மலர்ந்து, பதிலும் பிஸாயாவில் வரும். கற்க வந்தவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

பிளாத்தோ, பாஸோ, லபா எல்லாம் ஸ்பானிஷ் மாதிரி இருக்கிறதே?

ஸ்பானிஷ்தான். 1521-இல் மகெல்லன் செபுவுக்கு வந்தார். 1565-இல் லெகாஸ்பி வந்து குடியேற்றத்தைத் தொடங்கினார். ஸ்பானிய ஆட்சி 1898 வரை நீடித்தது. தட்டு, டம்ளர், கரண்டி, மேசை, சோப்பு என்று சமையலறைப் பொருள்களின் பெயர்கள் பல அந்த வழியில் வந்தவை. துவைப்பதும் அப்படியே: லபா, லபாடா, துவைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு லபண்டேரா. ஆனால் ஹூகஸ், ஹூனவ், ஹிலம்-ஓஸ், லீகோ எல்லாம் அவர்கள் மண்ணின் சொற்கள். கடன் வாங்கிய லபாவுக்கும் கி, அன், இ எல்லாம் தங்கள் முறைப்படியே மாட்டிவிட்டார்கள். நாம் ‘போன் பண்ணு’ என்பதற்குத் தனி வினை சேர்க்கிறோம். அவர்கள் வந்த சொல்லையே வினையாக்கிவிடுகிறார்கள்.

குழாயில் தண்ணீர் வராத நாளில்?

‘வலாய் தூபிக்.’ தண்ணீர் இல்லை. வந்துவிட்டால் ‘நாஆய் தூபிக்’. இந்த இரண்டையும் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பியஸ்தா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாத்திரம் கழுவ உதவ வேண்டும். எப்படிச் சொல்வது?

செபுவில் ஜனவரி மாதம் மூன்றாவது ஞாயிறு குழந்தை இயேசுவின் திருவிழா. வீடு திறந்தே இருக்கும், வருகிறவர் எல்லோருக்கும் சாப்பாடு. மதியத்துக்குள் சிங்க் நிரம்பிவிடும். ‘டக்ஹான் ஓக் ஹுகஸொனோன்’ என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள்: கழுவ வேண்டியது எக்கச்சக்கம். அப்போது எழுந்து போய்ச் சொல்லுங்கள், ‘அக்கோ நா லாங் அங் மங்ஹூகஸ், நாங்.’ முதலில் ‘அயாவ் நா லாங்’ என்பார், வேண்டாம் விடுப்பா என்று. விருந்தாளி கழுவக் கூடாது என்று அவர்களும் நினைப்பார்கள். ‘ஸிகே நா, நாங்’ என்று இன்னொரு முறை சொல்லுங்கள், பரவாயில்லை அக்கா என்ற பொருளில். மூன்றாவது முறை மறுக்க மாட்டார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, சோப்பு போட்ட தட்டை உங்கள் பக்கம் நீட்டி, ‘பன்லவி, டோங்’ என்பார்.

அலசு, தம்பி.